செருகியது வேறு, கணினி நினைத்தது வேறு: ஊடக மாற்றப் பிழைகளை அறிகுறி வழியே நீக்குதல்

ஒரு டிரைவில் இருந்த ஃபிளாப்பியையோ மெமரி கார்டையோ எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகும்போது டிரைவ் மாறுவதில்லை. அதற்குள் இருக்கும் ஊடகம்தான் மாறுகிறது. நாற்காலி அதேதான், அமர்ந்திருப்பவர் வேறு. இயங்குதளம் தன் கணக்கையெல்லாம் நாற்காலியின் பெயரில் எழுதி வைத்திருந்தால், எழுந்து போனவருக்குச் சேர வேண்டியதைப் புதிதாக வந்து அமர்ந்தவரின் கையில் திணித்துவிடும். கீழே வரும் அறிகுறிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றினாலும், அவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரே குழப்பத்திலிருந்து பிறந்தவை.

இயக்கி எழுதுவோரையும், சிறிய கருவிகளுக்கு லினக்ஸ் அமைத்துத் தருவோரையும், கார்டு ரீடர் பொருத்திய கணினிகளைப் பராமரிப்போரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வன்பொருளை இயக்கும் மென்பொருளை, டிரைவ் என்ற சொல்லோடு குழம்பாமல் இருப்பதற்காக, இயக்கி என்றே குறிப்பிடுகிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: பாதிக்கப்பட்ட ஊடகத்தில் இனி ஒரு பைட்டும் எழுதப்படக் கூடாது. அதை எடுத்து, எழுதத் தடை செய்து, வேறொரு கணினியில் முழுப் பிரதி எடுத்து, ஆய்வை அந்தப் பிரதியில் செய்யுங்கள். எஸ்டி கார்டின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய தாழ்ப்பாளை மட்டும் நம்ப வேண்டாம். அது கார்டின் மின்சுற்றோடு இணைந்ததல்ல. ரீடர் அதைப் பார்த்து மதித்தால்தான் பலன், மதிக்காத ரீடர் தாராளமாக எழுதும். மைக்ரோ எஸ்டியில் அந்தத் தாழ்ப்பாளே கிடையாது.

அறிகுறி: புதியதைச் செருகிய பிறகும் பழைய கோப்புப் பட்டியலே தெரிகிறது

இதுவே மிகப் பழைய அறிகுறி. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் ஃபிளாப்பி டிரைவுகளில், தட்டு மாறியதைச் சொல்லும் கம்பியே இல்லை. ஆகவே அதன் இயங்குதளமான டாஸ் ஒவ்வொரு முறையும் இயக்கியைக் கேட்டது: தட்டு மாறியதா? அதற்கு மூன்று விடைகளே அனுமதிக்கப்பட்டன: மாறிவிட்டது, மாறவில்லை, தெரியாது. கடைசியாகப் படித்து இரண்டு விநாடிகள்கூட ஆகவில்லை என்றால், அதற்குள் ஒரு மனிதரால் தட்டை மாற்றியிருக்க முடியாது என்ற அனுமானத்தில் "மாறவில்லை" என்று விடை தரப்பட்டது. "தெரியாது" என்ற விடை வந்தால், எழுதப்படாத தரவு கையில் இருக்கும்போது மாறவில்லை என்றும், இல்லாதபோது மாறிவிட்டது என்றும் டாஸ் எடுத்துக்கொண்டது. இதில் முதல் பாதியை நான் இன்றும் ஏற்க மாட்டேன். எழுதப்படாத தரவு இருக்கும்போதுதான் தவறான தட்டில் எழுதிவிடும் ஆபத்தே இருக்கிறது. அந்த நேரத்தில் சந்தேகத்தை "மாறவில்லை" என்ற பக்கம் சாய்ப்பது, இழப்புக்கு வாசலைத் திறந்து வைப்பதாகும்.

1984-ல் வந்த பிசி ஏடியின் 1.2 எம்பி டிரைவில், 34 கம்பிகள் கொண்ட கேபிளின் 34-ஆம் கம்பி மாற்றக் குறிகையாக அமைந்தது. தட்டை எடுத்தவுடன் அந்தக் குறிகை எழுந்து நிற்கும். புதிய தட்டு உள்ளே வந்த பிறகு படிக்கும் தலை ஒரு தடமாவது நகர்ந்தால்தான் இறங்கும். எனவே இயக்கி, குறிகை எழுந்திருப்பதைக் கண்டால், உடனே மாற்றத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, தலையை ஒரு தடம் நகர்த்திப் பார்க்க வேண்டும். குறிகை இறங்கினால் புதிய தட்டு வந்திருக்கிறது, இறங்கவில்லை என்றால் டிரைவ் காலி. வேறு சில டிரைவுகள் அதே 34-ஆம் கம்பியைத் "தயார்" என்று சொல்லப் பயன்படுத்தின. ஜம்பரை (டிரைவின் அமைப்பைத் தீர்மானிக்கும் சிறு இணைப்பை) மாற்றிப் போட்டாலோ அந்தக் கம்பி அறுந்திருந்தாலோ, தட்டு மாறிய செய்தி கணினிக்கு வரவே வராது. பழைய தொழிற்சாலைக் கருவிகளைச் சரிசெய்வோர் முதலில் பார்க்க வேண்டியவை அந்த ஜம்பரும் கேபிளும்தான்.

இன்றைய லினக்ஸில் இதே அறிகுறி வந்தால், இயங்குதளத்தின் கருவான கெர்னல் கேட்கவே இல்லையா, கேட்டும் விடை வரவில்லையா என்று பிரித்தறிய வேண்டும். தானே செய்தி அனுப்பாத சாதனங்களை கெர்னல் குறிப்பிட்ட இடைவெளியில் விசாரிக்கும் வசதி 2011-ல் வந்த 2.6.38 பதிப்பில் சேர்ந்தது. ஆனால் அந்த இடைவெளியின் தொடக்க மதிப்பு பூஜ்யம், அதாவது விசாரணையே நடக்காது. வழக்கமான கணினிகளில் யூடெவ் என்ற சாதன மேலாளர், கணினி எழும்போதே அதை 2000 மில்லி விநாடியாக மாற்றிவிடுவதால் எவரும் இதைக் கவனிப்பதில்லை. யூடெவ் இல்லாமல் பிஸிபாக்ஸ் என்ற சிறு கட்டளைத் தொகுப்பு கொண்டு கட்டிய சிறு கருவியிலோ, மதிப்பு பூஜ்யமாகவே கிடக்கும். கெர்னலின் அமைப்புகளைக் காட்டும் சிஸ் கோப்புறையின் கீழ் பிளாக் மாட்யூலின் அளவுருக்களில் அந்த எண்ணைப் பாருங்கள். பூஜ்யம் என்றால், பூட் கட்டளை வரியிலேயே 2000 என்று கொடுத்துவிடலாம்.

எஸ்டி கார்டு, ரீடர் வழியாக அல்லாமல் போர்டில் நேரடியாகச் செருகப்படும் கருவி என்றால், போர்டின் வன்பொருளை கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பைத் திறந்து பாருங்கள். கார்டு அகற்ற முடியாதது என்று அங்கே குறித்திருந்தால், கெர்னல் அதை நம்பி, மாற்றத்தைத் தேடவே தேடாது. கார்டு இருப்பதைச் சொல்லும் பின் இணைக்கப்படவில்லை என்று குறித்திருந்தால், விநாடிக்கு ஒருமுறை விசாரிக்கும். வேறொரு போர்டின் கோப்பை எடுத்து வந்து தங்கள் போர்டுக்குப் பொருத்துவோர் இந்த வரியைத் திருத்த மறந்துவிடுவது வழக்கம்.

அறிகுறி: மாற்றியவுடன் முதல் முறை பிழை வருகிறது, இரண்டாம் முறை சரியாகிவிடுகிறது

யூஎஸ்பி ரீடர்களும் டிவிடி டிரைவுகளும் உள்ளுக்குள் ஸ்கஸி என்ற கட்டளை மொழியில்தான் பேசுகின்றன. ஊடகம் மாறிய பிறகு வரும் முதல் கட்டளையை அவை நிறைவேற்றுவதில்லை. அதற்குப் பதிலாக, யூனிட் அட்டென்ஷன் எனப்படும் ஆறாம் வகை நிலையையும், அதனுடன் பதினாறடிமான எண்ணில் 28 என்ற குறியீட்டையும் திருப்பி அனுப்புகின்றன. "தயாரற்ற நிலையிலிருந்து தயார் நிலைக்கு வந்தேன், ஊடகம் மாறியிருக்கலாம்" என்பது அதன் பொருள். இந்தச் செய்தியைச் சாதனம் ஒரே ஒரு முறைதான் சொல்லும். கேட்டவர் கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும், சொல்லியாயிற்று என்று அழித்துவிடும்.

இதை இரண்டு விதமாகத் தவறாகக் கையாளலாம். வன்பொருள் பிழை என்று எண்ணிப் பயனரிடம் பிழைச்செய்தி காட்டுவது ஒன்று. எரிச்சலூட்டும், ஆனால் தரவு போகாது. "இரண்டாம் முறை சரியாகிவிடுகிறதே" என்று, எந்தப் பிழை வந்தாலும் மூன்று முறை மீண்டும் முயலும் ஒரு சுற்றை இயக்கியில் சேர்ப்பது மற்றொன்று. இப்படிச் செய்தால் பிழைச்செய்தி மறைந்துவிடும், பயனர் மகிழ்வார். ஆனால் ஊடகம் மாறியதைச் சொன்ன ஒரே செய்தியும் அந்தச் சுற்றுக்குள்ளேயே விழுங்கப்பட்டுவிடும். மேலே இருக்கும் கோப்பு முறைமை, பழைய கார்டே இன்னும் இருப்பதாக நம்பித் தொடர்ந்து எழுதும். இயக்கிகளைத் திருத்தித் தருமாறு வந்த வேலைகளில் நான் அஞ்சுவது இந்தச் சுற்றைத்தான், ஏனெனில் அதைச் சேர்த்தவர் நல்லெண்ணத்தோடு சேர்த்திருப்பார்.

சரியான வரிசை இது: ஆறாம் வகை, 28 என்ற குறியீடு வந்த கணத்தில், வேறு எதையும் செய்வதற்கு முன்பு, "ஊடகம் மாறிவிட்டது" என்ற கொடியை உயர்த்த வேண்டும். பிறகு கொள்ளளவையும் பிரிவு அட்டவணையையும் புதிதாகப் படிக்க வேண்டும். பழைய ஊடகத்தின் பெயரில் காத்திருக்கும் கோரிக்கைகளைத் தோல்வியாக முடித்து, புதிதாகத் திறக்க வருவோருக்கு மட்டுமே வழிவிட வேண்டும். லினக்ஸின் ஸ்கஸி அடுக்கு இதைத்தான் செய்கிறது: அகற்றக்கூடிய சாதனத்திலிருந்து யூனிட் அட்டென்ஷன் வந்தால், மாறியது என்று குறித்துவிட்டு, அந்தக் கோரிக்கையைத் தோற்கடிக்கிறது. விண்டோஸ் வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. இயக்கி அந்தச் சாதனத்தின் மேல் "சரிபார்ப்பு தேவை" என்று குறித்துவிடும். கோப்பு முறைமை ஊடகத்தை மீண்டும் படித்து, இது நான் அறிந்த அதே தொகுதிதான் என்று உறுதி செய்யும் வரை, சரிபார்ப்புக்கான படிப்பைத் தவிர வேறு கோரிக்கை எதுவும் உள்ளே போகாது.

28-க்கு நெருக்கமான வேறு விடைகளையும் பிரித்தறிய வேண்டும். "தயாரில்லை" என்று சொல்லும் இரண்டாம் வகையோடு 3ஏ வந்தால் ஊடகமே இல்லை. இரண்டாம் வகையோடு 04, 01 வந்தால் டிரைவ் தயாராகிக்கொண்டிருக்கிறது, பொறுத்திருந்து மீண்டும் கேட்கலாம். டிவிடி சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் இது இயல்பு. ஆறாம் வகையோடு 29 வந்தால் சாதனம் மின்சாரம் இழந்தோ ரீசெட் ஆகியோ மீண்டிருக்கிறது. அந்த இடைவெளியில் ஊடகம் மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். இதைச் சந்தேகத்துக்குரியதாகக் கருதி அடையாளத்தைச் சரிபார்ப்பதுதான் முறை.

அறிகுறி: புதிய கார்டில் பழைய கார்டின் கோப்புகள் தெரிகின்றன, புதியதில் இருந்தவை காணவில்லை

இதைக் கண்டால் கணினியை அணைப்பதற்கு முன்பே கார்டை வெளியே எடுத்துவிடுங்கள், ஏனெனில் முறையாக அணைக்கும்போதுகூட மிச்சம் இருப்பது எழுதப்பட்டுவிடும். முதல் அறிகுறியில் பட்டியல் நினைவகத்தில் மட்டும் தவறாக இருந்தது. இங்கே அந்தத் தவறு கார்டிலேயே எழுதப்பட்டுவிட்டது.

நடந்தது என்னவென்று உறுதிப்படுத்த ஒரு நம்பகமான தடயம் உண்டு. ஃபேட் என்ற கோப்பு முறைமையில் கோப்புகளைச் சேர்க்கும்போது இயங்குதளம், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒதுக்கீட்டு அட்டவணையையும் கோப்புறைப் பதிவுகளையும் திருத்துகிறது. பூட் செக்டரில் உள்ள தொகுதி வரிசை எண்ணைத் தொடுவதில்லை. ஆகவே எடுத்து வைத்த பிரதியில் பூட் செக்டரைத் திறந்து அந்த எண்ணைப் படியுங்கள். பூஜ்யத்திலிருந்து எண்ணினால், ஃபேட்12, ஃபேட்16 ஆகியவற்றில் அது 39-ஆம் பைட்டிலும், ஃபேட்32-ல் 67-ஆம் பைட்டிலும் தொடங்கி நான்கு பைட்டுகளாக இருக்கும். வரிசை எண் புதிய கார்டுக்கு உரியதாகவும், கோப்புறையில் உள்ள பெயர்கள் பழைய கார்டுக்கு உரியவையாகவும் இருந்தால், ஐயம் வேண்டாம்: பழைய கார்டுக்கான எழுதப்படாத தரவு புதிய கார்டில் கொட்டப்பட்டிருக்கிறது.

அடுத்து, ஒதுக்கீட்டு அட்டவணையின் இரண்டு நகல்களை ஒப்பிடுங்கள். எழுத்து பாதியில் தடைபட்டிருந்தால், முதல் நகல் கெட்டு இரண்டாம் நகல் பிழைத்திருக்க வாய்ப்புண்டு. அப்போது இரண்டாம் நகலைக் கொண்டு பிரதியைச் சீரமைக்கலாம். இரண்டும் கெட்டிருந்தால், கோப்புகளின் தொடக்கக் குறிகளைத் தேடி மீட்கும் கருவிகள்தான் துணை. துண்டுபடாமல் தொடர்ச்சியாக எழுதப்பட்ட படக் கோப்புகள் பெரும்பாலும் மீளும். செக்டிஸ்க் போன்ற திருத்தும் கருவியை மூலக் கார்டின் மேல் ஓட்டவே வேண்டாம். அட்டவணையும் கோப்புறையும் தங்களுக்குள் ஒத்துப்போகச் செய்வதுதான் அதன் வேலை; உங்கள் புகைப்படங்களைக் காப்பது அதன் வேலை அல்ல. தவறான பட்டியலுக்கு ஏற்ப மிச்சத்தையும் அது "ஒழுங்குபடுத்தி"விடும்.

இனி இது நிகழாமல் இருக்க இயங்குதளம் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்த வழிமுறையின் மையம். ஒவ்வொரு முறை ஊடகம் செருகப்படும்போதும் கெர்னல் அதற்கு ஒரு செருகல் எண் தர வேண்டும். கேச்சில், அதாவது தரவு தற்காலிகமாகத் தங்கும் நினைவகத்தில், காத்திருக்கும் ஒவ்வொரு பக்கமும், திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்பும், தான் எந்த எண்ணின் கீழ்ப் பிறந்தது என்பதைச் சுமந்திருக்க வேண்டும். எழுத்துக் கோரிக்கை சாதனத்துக்குப் புறப்படும் கடைசி வாசலில் அந்த எண்ணும் இப்போது செருகியிருக்கும் ஊடகத்தின் எண்ணும் ஒப்பிடப்பட வேண்டும். மேல் அடுக்கில் எப்போதோ ஒருமுறை ஒப்பிட்டால் போதாது, ஏனெனில் அந்த ஒப்பீட்டுக்கும் எழுத்துக்கும் இடையில்தான் கார்டு மாறும். எண் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தத் தரவு எழுதப்படக் கூடாது. அது இழக்கப்படலாம், பிழையாகத் திரும்பலாம், பயனரைக் கேட்டுக் காத்திருக்கலாம். ஆனால் எந்த நிலையிலும் அது வேறொருவரின் கார்டில் போய் விழக் கூடாது. ஒரு கார்டின் கடைசிச் சில விநாடி வேலை போவதும், தொடர்பே இல்லாத இன்னொரு கார்டு முழுவதும் பாழாவதும் ஒரே அளவிலான இழப்புகள் அல்ல.

காத்திருப்பது என்று முடிவு செய்தால், எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். 1985-ல் வந்த அமிகா இதில் நல்ல முன்மாதிரி. தேவையான தட்டு டிரைவில் இல்லாதபோது, அந்தத் தட்டின் பெயரைக் குறிப்பிட்டு "இதைக் கட்டாயம் திரும்ப வைக்க வேண்டும்" என்று திரையில் கேட்கும். வேறு தட்டை வைத்தால் ஏற்காது. டாஸ் 4.0 பதிப்பு 1988-ல் தொகுதி வரிசை எண்ணைக் கொண்டுவந்தது. தவறான தட்டு மாற்றம் என்ற 34-ஆம் எண் பிழை அதற்கு முன்பே டாஸில் இருந்தது, இன்றும் விண்டோஸில் அதே எண்ணோடு வாழ்கிறது. எந்தத் தட்டை, எந்த வரிசை எண்ணுடையதை, எந்த டிரைவில் வைக்க வேண்டும் என்று அது சொல்லும். "உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை" என்று மொட்டையாகச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் அந்தத் தொகுதி வரிசை எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதில் எச்சரிக்கை தேவை. அது ஃபார்மட் செய்த தேதியிலிருந்தும் நேரத்திலிருந்தும் கணக்கிடப்படும் 32 பிட் எண். ஒரு கார்டை செக்டர் செக்டராக நகலெடுத்தால் நகலுக்கும் அதே எண்தான். ஆகவே எண் வேறுபட்டால் ஊடகம் வேறு என்று உறுதியாகச் சொல்லலாம்; எண் ஒத்துப்போனால் ஊடகம் அதேதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எஸ்டி கார்டுக்குள் உற்பத்தியாளர் பொறிக்கும் 128 பிட் அடையாளப் பதிவேடு இதைவிட நம்பகமானது. நேரடி ஸ்லாட்டில் கெர்னலால் அதைப் படிக்க முடியும். யூஎஸ்பி ரீடர்களோ அதைப் பெரும்பாலும் மறைத்துவிடுகின்றன.

அதே கார்டுதான் என்று உறுதியானாலும் வேலை முடியவில்லை. வெளியே இருந்த நேரத்தில் அது வேறொரு கணினிக்குப் போய், அங்கே திருத்தப்பட்டுத் திரும்பியிருக்கலாம். கேச்சில் உள்ள, ஏற்கெனவே படித்த பக்கங்களைத் தயங்காமல் தூக்கி எறிந்துவிட்டு மீண்டும் படிக்க வேண்டும். எழுதப்படாத பக்கங்களைப் பொறுத்தவரை, ஈஎக்ஸ்டி4 போன்ற முறைமையில் கடைசியாக மவுண்ட் செய்த (பயன்பாட்டுக்கு இணைத்த) நேரம், எழுதிய நேரம், மவுண்ட் எண்ணிக்கை ஆகியவை சூப்பர்பிளாக் என்ற தலைப்புப் பகுதியில் பதிவாவதால், நாம் நினைவில் வைத்திருக்கும் மதிப்புகளோடு அவற்றை ஒப்பிட்டு முடிவு செய்யலாம். அத்தகைய சான்று இல்லாத முறைமையில், அவற்றைக் கைவிட்டுப் பயனரிடம் தெளிவாகச் சொல்வதே என் தேர்வு.

மாற்றமே நிகழாதபடி பூட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். 1984-ல் வந்த மெக்கின்டாஷில் தட்டை வெளியேற்றும் பொத்தானே வெளியில் இல்லை. இயங்குதளம் இசைந்தால்தான் மோட்டார் தட்டை வெளியே தள்ளும். டிவிடி டிரைவுகளுக்கும் அகற்றுவதைத் தடுக்கும் கட்டளை உண்டு, மவுண்ட் செய்தவுடன் அதை அனுப்புவது நல்ல பழக்கம். மெமரி கார்டையும் பென் டிரைவையும் பூட்டி வைக்க வழியில்லை.

அறிகுறி: அதே கார்டைத் திரும்பச் செருகிய பிறகும் திறந்திருந்த நிரல்கள் பிழையையே காட்டுகின்றன

இது பெரும்பாலும் பிழையல்ல, சரியான நடத்தை. பழைய செருகல் எண்ணின் கீழ்த் திறந்த கோப்புக் கைப்பிடிகள் இறந்தவை. அவை உயிர்த்தெழக் கூடாது. ஊடகம் மாறிய பிறகும் இனோடுகள் (கோப்புகளின் உள்பதிவுகள்) பயன்பாட்டில் உள்ளன என்ற எச்சரிக்கை கெர்னல் பதிவில் இருந்தால், எந்த நிரல் அதைப் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்து மூடி, அன்மவுண்ட் செய்து, மீண்டும் மவுண்ட் செய்யுங்கள். சோம்பல் அன்மவுண்ட் எனப்படும் வழியை நான் பரிந்துரைப்பதில்லை. அது கோப்புறை மரத்திலிருந்து பெயரை மட்டும் நீக்குகிறது, பிடித்திருப்பவரை விடுவிப்பதில்லை. பென் டிரைவையே பிடுங்கிச் செருகினால், பழைய சாதனப் பெயர் இன்னும் பிடிபட்டிருப்பதால், அடுத்த ஆங்கில எழுத்தைக் கொண்ட புதுப் பெயரில் வரும். ஆகவே மவுண்ட் அட்டவணையில் சாதனப் பெயரை எழுதாமல் கோப்பு முறைமையின் அடையாள எண்ணை எழுதுங்கள்.

இயங்குதளத்தின் பக்கம் திருத்த வேண்டியது ஒன்று உண்டு. லினக்ஸில் பொதுவான உள்ளீட்டு வெளியீட்டுப் பிழையைச் சொல்லும் 5-ஆம் எண் பிழைக்கும், ஊடகம் இல்லை என்று சொல்லும் 123-ஆம் எண் பிழைக்கும் இடையே உள்ள வேறுபாடு நிரல் வரை போய்ச் சேர வேண்டும். இயக்கி அறிந்ததை இடையில் உள்ள அடுக்குகள் பொதுப்பிழையாகத் தேய்த்துவிட்டால், கார்டு கெட்டுவிட்டது என்று எண்ணிப் பயனர் அதை எறிந்துவிடுவார்.

அறிகுறி: நகலெடுப்பு முழுமையடைந்ததாகக் காட்டியது, ஆனால் கார்டில் கோப்பு காலி

நகலெடுக்கும் நிரல் கேச்சில் எழுதி முடித்ததைத்தான் முழுமை என்று காட்டியது. லினக்ஸின் வழக்கமான அமைப்பில் எழுதப்படாத பக்கம் 30 விநாடி வரை காத்திருக்கலாம். ஐந்து விநாடிக்கு ஒருமுறை எழுதும் பணி எழுந்து பார்க்கும். எழுதப்படாத தரவு கிடைக்கும் நினைவகத்தில் 20 விழுக்காடு வரை சேர அனுமதி உண்டு. 16 ஜிபி காலியாக இருந்தால் அது 3 ஜிபிக்கும் மேல். விநாடிக்கு 10 எம்பி எழுதும் பென் டிரைவில் அதை இறக்க ஐந்து நிமிடத்துக்கும் மேலாகும். திரையில் நகலெடுப்பு முடிந்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் உண்மையில் முடியும் என்பதைப் பயனர் எப்படி அறிவார்? அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

விண்டோஸ் 10, 1809 பதிப்பிலிருந்து அகற்றக்கூடிய சாதனங்களுக்கு விரைவாக அகற்றும் கொள்கையை வழக்கமாக்கியது. எழுத்துக் கேச் அங்கே தானாக இயங்காது. லினக்ஸில் மெதுவான சாதனங்களுக்குத் தனித்தனியே உச்சவரம்பு வைக்கலாம். ஃபேட் மவுண்டில் முழு ஒத்திசைவு விருப்பத்தைத் தவிர்த்து, விரைவாக இறக்கும் ஃபிளஷ் விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். முன்னது ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் ஒதுக்கீட்டு அட்டவணையைத் திரும்பத் திரும்ப எழுதி, வேகத்தையும் ஃபிளாஷின் ஆயுளையும் குறைக்கும்.

நிரல் எழுதுவோர், கேச்சில் உள்ளதை ஊடகத்தில் எழுதச் செய்யும் எஃப்சிங்க் என்ற அழைப்பை அழைத்து அதன் விடையைப் பார்த்த பிறகே "முடிந்தது" என்று காட்ட வேண்டும். பின்னணியில் எழுதும்போது வந்த பிழை, அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் போய்ச் சேரும்படி 2017-ல் வந்த லினக்ஸ் 4.13 சீரமைக்கப்பட்டது, அதற்கு முந்தைய கெர்னல்களில் முதலில் கேட்டவருக்கு மட்டும் சொல்லிவிட்டு மறந்துவிடும் வாய்ப்பு இருந்தது. இன்றும் பிழை ஒருமுறைதான் சொல்லப்படுகிறது. தோற்ற எஃப்சிங்கை மீண்டும் அழைத்து வெற்றி பெற்றால், தரவு பத்திரமாகிவிட்டது என்று பொருளல்ல.

அறிகுறி: கணினியை உறங்க வைத்து எழுப்பிய பிறகு கோளாறு

உறங்கும்போது யூஎஸ்பி போர்ட்டுக்கு மின்சாரம் நின்றுபோனால், எழுந்த பின் எல்லாச் சாதனங்களும் புதிதாகச் செருகப்பட்டவை போலத் தோன்றும். மவுண்ட் செய்திருந்த அனைத்தும் அறுந்துபோகும். இதைத் தவிர்க்க லினக்ஸில் யூஎஸ்பி நிலைப்பு என்ற வசதி உண்டு. எழுந்தவுடன் அதே போர்ட்டில் அதே விவரங்களும் வரிசை எண்ணும் கொண்ட சாதனம் இருந்தால், பழையதே தொடர்வதாகக் கருதிவிடும். இங்கே ஒப்பிடப்படுவது ரீடரின் அடையாளம். அதற்குள் இருக்கும் கார்டின் அடையாளம் அல்ல. உறங்கும்போது கார்டை மாற்றினால் மூன்றாவது அறிகுறிக்கு நேர் வழி திறந்துவிடும் என்று கெர்னல் ஆவணமே எச்சரிக்கிறது. நேரடி எஸ்டி ஸ்லாட்டில் இந்த ஆபத்து குறைவு, ஏனெனில் எழுந்தவுடன் கெர்னல் கார்டின் 128 பிட் அடையாளத்தைப் படித்து, பழையதோடு ஒப்பிட்டு, வேறென்றால் பழைய கார்டை நீக்கிவிடுகிறது.

எனவே ரீடர் என்றால், உறங்கும் முன் அன்மவுண்ட் செய்யும் சிறு ஸ்கிரிப்டைச் சேருங்கள், அல்லது அந்தச் சாதனத்துக்கு மட்டும் நிலைப்பு வசதியை அணையுங்கள்.

சிறு அறிகுறிகள் இரண்டு

காலி டிரைவுக்கு "தட்டு இல்லை" என்ற பெட்டி அடிக்கடி எழுகிறது என்றால், பல ஸ்லாட் கொண்ட ரீடரில் ஒவ்வொரு ஸ்லாட்டும் தனி டிரைவாகத் தெரிவதையும், ஏதோ ஒரு நிரல் பழைய பாதையை நினைவில் வைத்துத் தேடுவதையும் பாருங்கள். விண்டோஸில் அந்தப் பெட்டியை அடக்கி, பிழையைத் தானே வாங்கிக்கொள்ள நிரலுக்கு வழி இருக்கிறது. பின்னணிச் சேவைகள் அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும்.

கார்டு திடீரென்று படிக்க மட்டும் உரியதாக மாறினால், ஃபேட் முறைமை கடும் பிழை கண்டு தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கும். லினக்ஸில் அதுவே வழக்கமான அமைப்பு, நல்ல அமைப்பும்கூட. கெர்னல் பதிவில் முதல் பிழை எது என்று தேடுங்கள், அதற்குச் சற்று முன்பு ஊடக மாற்றம் பதிவாகியிருந்தால் மேலே உள்ள பகுதிகளுக்குத் திரும்புங்கள்.

திருத்தியதைச் சோதித்தல்

கையால் கார்டை மாற்றி மாற்றிச் சோதிப்பது போதாது, ஒரே நிகழ்வை இரண்டாம் முறை அப்படியே உண்டாக்க முடியாது. ராஸ்பெர்ரி பை ஜீரோ ஒன்றை, லினக்ஸின் சேமிப்புச் சாதன கேட்ஜெட் மூலம், அகற்றக்கூடிய ஊடகம் கொண்ட யூஎஸ்பி டிரைவாக நடிக்க வைக்கலாம். அதன் சிஸ் கோப்பில் வெற்றுச் சரத்தை எழுதினால் ஊடகம் வெளியேறும், வேறு இமேஜ் கோப்பின் பெயரை எழுதினால் புதிய ஊடகம் செருகப்படும். எதிர்முனைக் கணினிக்கு ஆறாம் வகை, 28 என்ற செய்தி அப்படியே போகும். மெய்நிகர் இயந்திரத்தில் என்றால் கியூஇஎம்யூவின் மானிட்டரில் உள்ள மாற்றும் கட்டளை டிவிடிக்கு இதே வேலையைச் செய்கிறது.

மூன்று சோதனைகளை விடாமல் செய்யுங்கள். முதலாவது, எழுதப்படாத தரவு இருக்கும்போது விசாரணை இடைவெளியான இரண்டு விநாடிக்குள் ஊடகத்தை மாற்றுவது. இரண்டாவது, ஒரே தொகுதி வரிசை எண்ணும் வெவ்வேறு உள்ளடக்கமும் கொண்ட இரண்டு இமேஜ்களை மாற்றுவது. மூன்றாவது, வெளியேற்றிய இமேஜை வேறு கணினியில் மவுண்ட் செய்து ஒரு கோப்பைச் சேர்த்துவிட்டுத் திரும்பச் செருகுவது. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் இரண்டு இமேஜ்களின் செக்சம்மையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணையும்) எடுத்து வையுங்கள். முதல் இரண்டு சோதனைகளில், இடையில் செருகப்பட்ட இரண்டாம் இமேஜின் செக்சம் ஒரு பிட்டும் மாறியிருக்கக் கூடாது. மூன்றாவதில், வேறு கணினியில் சேர்த்த கோப்பு அப்படியே இருக்க வேண்டும். கைவிடப்பட்ட தரவுக்கான பிழை, அதை எழுதிய நிரலுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.